‘கேக்குதா?’ என்று கேட்காமல் விளையாட: கேமிங் குழுவுக்கு வாய்ஸ் சாட் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

மேட்ச் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். "ஹலோ, கேக்குதா?" என்பார் ஒருவர். "எனக்குக் கேக்குது, நான் பேசறது கேக்குதா?" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மின்விசிறி பேசத் தொடங்கிவிடும். நான்காமவர் ஸ்பீக்கரில் கேட்பதால் எல்லோருடைய குரலும் அவர் மைக் வழியாகத் திரும்பி வரும். ஐந்தாமவர் பொறுக்க முடியாமல் மியூட் போட்டு, அதை மறந்தும் போய், மேட்ச் முழுக்கத் தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு குழுவுக்கு நெடுநாள் அட்மினாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த மென்பொருள் நல்லது என்று சண்டை போடும் நேரத்தில் பாதியை மைக்குக்குச் செலவிட்டால் இந்தக் கூத்து நின்றுவிடும். மென்பொருளை நிறுவுவது பத்து நிமிட வேலை. ஆளாளுக்கு மைக்கைச் சரிசெய்ய ஒரு மாலை முழுக்க வேண்டும். இந்த வழிகாட்டியிலும் இடம் அதே கணக்கில்தான் பிரிந்திருக்கிறது.

எந்த மென்பொருள்?

விளையாட்டுக்குள்ளேயே வரும் வாய்ஸ் சாட் இரண்டு மூன்று பேருக்குப் போதும். ஆனால் லாபியை விட்டு வெளியே வந்தாலோ, கேம் க்ராஷ் ஆனாலோ பேச்சும் அறுந்துவிடும். யாருக்கு எப்போது தொடர்பு போனது என்று கேட்கக்கூட வழி இருக்காது. நிரந்தரக் குழு என்றால் கேமுக்கு வெளியே ஒரு வீடு வேண்டும்.

அதற்கு மூன்று பெயர்கள் பெரும்பாலும் அடிபடும். டிஸ்கார்ட் 2015-ல் வந்தது. சர்வரை அவர்களே நடத்துகிறார்கள், நீங்கள் கணக்குத் தொடங்கி ஆளைச் சேர்த்தால் போதும். மம்பிள் ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்), சர்வரை நீங்களே நடத்த வேண்டும். டீம்ஸ்பீக்கையும் நீங்களே நடத்தலாம். அதன் 3-ஆம் பதிப்பில் 32 பேர் வரை தனி லைசென்ஸ் தேவையில்லை.

குரல் தரத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்றுமே ஓபஸ் என்ற கோடெக்கை, அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறையைப் பயன்படுத்துகின்றன. 2012-ல் பொதுத் தரமாக வெளியான இது வினாடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை வேலை செய்யும். சாதாரணப் பேச்சுக்கு 40 இருந்தாலே தெளிவாக இருக்கும். ஆகவே "எதில் குரல் நல்லா இருக்கும்?" என்று தேடுவதை விட, "சர்வரை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் அந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால் டிஸ்கார்ட். குழுவில் ஒருவருக்காவது லினக்ஸ் பழக்கம் இருந்து, எல்லாம் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தால் மம்பிள். கீழே இந்த இரண்டையும் அமைப்பதைச் சொல்கிறேன். மைக் பற்றிய பகுதி எல்லோருக்கும் பொது.

டிஸ்கார்ட் சர்வர்: குறைவாக அமையுங்கள்

இடது ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, பெயர் கொடுத்தால் சர்வர் தயார். புதிய அட்மின்கள் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். ஆறு பேர் உள்ள குழுவுக்கு இருபது சேனல் திறந்து வைப்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறையில் உட்கார்ந்துகொண்டு "எங்கப்பா இருக்கீங்க?" என்று தேடுவார்கள். வாய்ஸ் சேனல் இரண்டு போதும்: ஒன்று அரட்டைக்கு, ஒன்று மேட்சுக்கு. மூன்றாவதாக ‘ஏஎஃப்கே’ (கீபோர்டை விட்டு எழுந்து போனவர்) சேனல் ஒன்று திறந்து, சர்வர் செட்டிங்ஸில் அதையே செயலற்றவர்களுக்கான சேனலாகக் குறியுங்கள். மைக்கைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனவர் குறிப்பிட்ட நிமிடங்களுக்குப் பிறகு தானாக அங்கே போய்விடுவார். குறட்டை அங்கே யாருக்கும் கேட்காது.

மேட்ச் சேனலின் செட்டிங்ஸில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஆள் எண்ணிக்கை வரம்பு. ஐந்து பேர் அணி என்றால் ஐந்து என்று வைத்துவிடுங்கள். நடுவில் யாராவது நுழைந்து "என்ன நடக்குது?" என்று கேட்பது நிற்கும்.

இரண்டாவது, பிட்ரேட், அதாவது குரலுக்கு வினாடிக்கு எத்தனை கிலோபிட் என்பது. இயல்பாக 64 கிலோபிட் இருக்கும், பூஸ்ட் (காசு கொடுத்துக் கூடுதல் வசதி பெறுவது) இல்லாத சர்வரில் 96 வரை ஏற்றலாம். ஏற்றாதீர்கள். பேச்சில் வித்தியாசம் காதுக்குத் தெரியாது, இணைப்பு மோசமாக உள்ளவருக்கு மட்டும் சுமை கூடும். குழுவில் யாராவது மொபைல் டேட்டாவில் வருகிறார் என்றால் 64-லிருந்து 40-க்கு இறக்குவதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, ரீஜன், அதாவது குரல் எந்த ஊர் சர்வர் வழியாகப் போகிறது என்பது. தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குழுவினர் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் மட்டும், எல்லோருக்கும் நடுவில் உள்ள ரீஜனைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ரோல்களில் (யாருக்கு என்ன உரிமை என்ற பிரிவுகள்) ‘அட்மின்’, ‘உறுப்பினர்’ என்று இரண்டு போதும். எல்லோருக்கும் பொதுவான ‘எவ்ரிஒன்’ ரோலில் இருந்து எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் மென்ஷன் உரிமையை எடுத்துவிடுங்கள். அட்மினுக்கு ஆளை நகர்த்தவும் மியூட் செய்யவும் உரிமை கொடுங்கள். அணித் தலைவருக்கு ‘ப்ரையாரிட்டி ஸ்பீக்கர்’ உரிமை கொடுக்கலாம். அதற்கென ஒரு கீயை ஒதுக்கி, அதை அழுத்திப் பேசும்போது மற்றவர்களின் குரல் தானாகத் தணியும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும் குழுக்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

அழைப்பு லிங்க் இயல்பாகவே சில நாட்களில் காலாவதியாகும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். காலாவதியே ஆகாத லிங்க் எங்காவது பொதுவெளியில் கசிந்தால், முன்பின் தெரியாதவர்கள் மேட்ச் நடுவில் வந்து கூச்சல் போடுவார்கள். அட்மின் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள்.

மைக்: மாலை முழுக்க ஆகும் வேலை

இடத்தில் இருந்து தொடங்குவோம். ஹெட்செட் மைக்கை வாய்க்கு நேராக வைப்பதுதான் பலரும் செய்வது. ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் மோதி இடி போல விழும். "பத்துப் பேர் பின்பக்கம் பதுங்கியிருக்காங்க" என்று சொல்லிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ‘ப’வும் தும்மலாகக் கேட்டால் மைக்கை உதட்டின் ஓரத்துக்கு நகர்த்துங்கள், கன்னத்திலிருந்து இரண்டு விரல் தூரத்தில். ஹெட்செட் மைக் கீபோர்டுக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கக் கூடாது. மேசை மைக் என்றால் வாய்க்கு ஒரு சாண் தொலைவில், கீபோர்டுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். பெரும்பாலான மைக்குகள் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தைக் குறைவாகக் கேட்கும்.

அடுத்தது புளூடூத். "நான் மைக்கை ஆன் பண்ணினதும் கேம் சத்தம் பழைய டெலிஃபோன் மாதிரி ஆயிடுது" என்று யாராவது சொன்னால் ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. பாட்டு கேட்கும்போது புளூடூத் ஹெட்செட் ஒரு முறையில் இயங்கும். அதன் மைக்கைத் திறந்தால் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அதில் தரம் குறைவு, ஸ்டீரியோவும் போய்விடும். எதிரியின் காலடி இடமா வலமா என்று தெரியாது. சாதனத் தேர்வில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையோ ஒரு வயர் மைக்கையோ வைத்து, புளூடூத்தைக் கேட்க மட்டும் பயன்படுத்தினால் பிரச்சினை தீரும். யூஎஸ்பி டாங்கிளோடு வரும் வயர்லெஸ் ஹெட்செட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை.

இனி டிஸ்கார்ட் செட்டிங்ஸில் ‘வாய்ஸ் அண்ட் வீடியோ’ பக்கத்துக்கு வாருங்கள். இன்புட், அவுட்புட் இரண்டிலும் ‘டிஃபால்ட்’ என்று விடாமல் உங்கள் சாதனத்தின் பெயரையே தேர்ந்தெடுங்கள். டிஃபால்ட் என்று விட்டால், வெப்கேமைச் சொருகிய நாளில் அதன் மைக் அமைதியாக உள்ளே புகுந்துவிடும். நீங்கள் அறையின் மறுகோடியில் நின்று பேசுவது போலக் கேட்கும்.

அப்புறம் சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு சத்தம் வந்தால் மைக் திறக்க வேண்டும் என்பது. தானாகக் கணிக்கும் வசதியை அணைத்தால், நகர்த்தக்கூடிய ஒரு கோட்டோடு பட்டை தெரியும். முதல் பத்து வினாடி பேசாமல் கீபோர்டைத் தட்டுங்கள், மவுஸைச் சொடுக்குங்கள். பட்டை எதுவரை துள்ளுகிறது என்று பாருங்கள். பிறகு நடு இரவில் வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது எப்படிப் பேசுவீர்களோ அந்தக் குரலில் பேசுங்கள். அது எங்கே நிற்கிறது? இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோட்டை வையுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் நடுவில் இடமே இல்லை என்று அர்த்தம். கோட்டை எங்கே நகர்த்தினாலும் தீராது, உங்களுக்குப் புஷ்-டு-டாக்தான் (ஒரு கீயை அழுத்தும்போது மட்டும் மைக் திறப்பது) வழி.

இரைச்சல் நீக்கத்தைப் பொறுத்தவரை என் விதி ஒன்றே ஒன்று: ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள். ஹெட்செட்டோடு வந்த மென்பொருளிலும் ஒரு நாய்ஸ் சப்ரஷன், கிராஃபிக்ஸ் கார்டு மென்பொருளிலும் ஒன்று, டிஸ்கார்டில் கிறிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கம் என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் குரல் தண்ணீருக்கு அடியில் இருந்து வரும். சொல்லின் முதல் எழுத்துகளைத் தின்றுவிடும். "இடது பக்கம்" என்று நீங்கள் சொன்னது "து பக்கம்" என்று போய்ச் சேரும். நல்ல மைக்கும் அமைதியான அறையும் உள்ளவர் இதை அணைத்தே வைக்கலாம்.

விண்டோஸில் ஒளிந்திருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது பேசும்போதெல்லாம் கேம் சத்தம் தானாக இறங்குகிறதா? பழைய கண்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’ திறந்து, ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற தாவலுக்குப் போங்கள். அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி இயல்பாக வைத்திருப்பார்கள். அதில் கடைசியாக இருக்கும் ‘டூ நத்திங்’கைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கார்டிலும் ‘அட்டென்யுவேஷன்’ என்று இதே வேலையைச் செய்யும் ஒரு பட்டை உண்டு. அதையும் பூஜ்யத்தில் வையுங்கள்.

புஷ்-டு-டாக்: எந்தக் கீ, ஏன் வேலை செய்யவில்லை

மவுஸின் பக்கவாட்டுப் பொத்தான் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். கட்டைவிரல் சும்மா இருக்கும் இடம் அது. கீபோர்டில் வைப்பதானால், கேமில் நடப்பதற்கும் குனிவதற்கும் உள்ள கீகளுக்கு இடைஞ்சல் இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். கீயை விட்ட பிறகும் மைக் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று சொல்லும் ‘ரிலீஸ் டிலே’ பட்டையை 200 மில்லிசெகண்ட் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நாம் எல்லோருமே பேசி முடிக்கும் முன்பே விரலை எடுத்துவிடுகிறோம். வினைச்சொல் கடைசியில் வரும் மொழியில் அது ஆபத்து. "மேலே போ"வில் ‘போ’ போய்விட்டால் மிச்சம் "மேலே" மட்டும்தான்.

ஒரு முறை எதிரணி எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நான் பொத்தானை அழுத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒருவரும் திரும்பவில்லை. தோற்றுவிட்டுக் கேமிலிருந்து டெஸ்க்டாப்புக்கு வந்ததும் என் குரல் சரியாகக் கேட்டது. மைக் சரி, இணைப்பும் சரி. ஏதோ பழைய கோளாறுக்காக அந்தக் கேமை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்திருந்தேன். விண்டோஸில் அப்படித் திறந்த நிரல் முன்னால் இருக்கும்போது, சாதாரண உரிமையில் ஓடும் மற்ற நிரல்களுக்குக் கீ அழுத்தம் போய்ச் சேராது. வாய்ஸ் மென்பொருளையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் சரியாகும். கேமை அப்படித் திறப்பதை நிறுத்துவது இன்னும் நல்லது. மேக்கில் இதே அறிகுறி தெரிந்தால் பிரைவசி செட்டிங்ஸில் கீபோர்டைக் கவனிக்கும் அனுமதியைப் பாருங்கள். லினக்ஸில் வேலண்ட் என்ற திரை அமைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

சொந்த சர்வர் வேண்டும் என்றால்: மம்பிள்

மம்பிள் என்றால் முணுமுணுப்பு. அதன் சர்வருக்கு முதலில் வைத்த மர்மர் என்ற பெயருக்கும் அதே பொருள்தான். பெயர்தான் அப்படி, குரல் கணீரென்று இருக்கும், தாமதமும் மிகக் குறைவு.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் சர்வர் தனிப் பேக்கேஜாகவே கிடைக்கிறது. நிறுவியதும் அதை ஒருமுறை ரீகான்ஃபிகர் செய்தால் (அமைப்பை மறுபடி கேட்கச் செய்தால்) எல்லா உரிமையும் உள்ள ‘சூப்பர்யூசர்’ கணக்குக்குப் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்துவிட்டுப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் உட்கார்ந்து விளையாடாதீர்கள். அதில் நுழைந்து, உங்கள் சாதாரணக் கணக்கைப் பதிவு செய்து, மேல்மட்டத்தில் இருக்கும் ரூட் சேனலின் ஏசிஎல் (உரிமைப் பட்டியல்) பகுதியில் ‘அட்மின்’ குழுவில் சேர்த்ததும் வெளியே வந்துவிடுங்கள். சர்வரின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் சர்வர் பாஸ்வேர்டு, வரவேற்பு வாசகம், ஆள் எண்ணிக்கை, ஒருவருக்கான பேண்ட்விட்த் ஆகிய நான்கையும் மாற்றி சர்வரை மறுபடி தொடங்கினால் அடிப்படை வேலை முடிந்தது.

சிக்கல் பெரும்பாலும் நெட்வொர்க்கில்தான். மம்பிள் பயன்படுத்தும் போர்ட் (நெட்வொர்க்கில் அது நுழையும் கதவின் எண்) 64738. இதை டிசிபி, யூடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் ரவுட்டரிலும் ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். பலர் டிசிபியை மட்டும் திறந்துவிட்டு, "கனெக்ட் ஆகுது, பேசவும் முடியுது, ஆனா அப்பப்போ திக்குது" என்பார்கள். யூடிபி அடைபட்டிருந்தால் மம்பிள் குரலையும் டிசிபி வழியாகவே அனுப்பிச் சமாளிக்கும். டிசிபியில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் உள்ளதெல்லாம் காத்திருக்கும். திக்கல் அங்கேதான் வருகிறது.

வீட்டுக் கணினியில் சர்வர் வைப்பதற்கு முன் ஒரு சோதனை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி இணைப்பு ஐபி முகவரி என்னவென்று பாருங்கள். 100.64-ல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது. நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியில் இருந்து யாரும் உள்ளே வர முடியாது. அதற்கு மேல் மல்லுக்கட்டாமல் சின்ன விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுங்கள். மம்பிளுக்கு மிகச் சிறிய விபிஎஸ்ஸே தாராளம்.

அப்லோடு வேகத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சர்வர் குரல்களைக் கலந்து ஒன்றாக அனுப்புவதில்லை, வருவதைக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. ஒருவருடைய குரல் 40 கிலோபிட் என்றால் பாக்கெட்டின் மேலுறைகளையும் சேர்த்து 60 என்று வையுங்கள். பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒருவர் பேசினால் ஒன்பது பேருக்குப் போக வேண்டும், அது 540 கிலோபிட். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றரை மெகாபிட்டைத் தாண்டும். அதே வீட்டில் இருந்து நீங்கள் ஸ்ட்ரீமும் செய்கிறீர்கள் என்றால், எல்லோருக்கும் ஏன் ரோபோ குரல் கேட்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

மம்பிளில் உறுப்பினரின் அடையாளம் அவருடைய கணினியில் இருக்கும் சான்றிதழ்தான், பாஸ்வேர்டு அல்ல. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது போய்விடும். அவர் பெயரிலேயே அவரால் நுழைய முடியாது. ஆகவே முதல் நாளே ‘சர்ட்டிஃபிகேட் விஸார்டு’ மூலம் எல்லோரையும் அதை ஏற்றுமதி செய்து வைக்கச் சொல்லுங்கள். மைக்குக்கான ‘ஆடியோ விஸார்டு’ம் உண்டு. அதைத் தாண்டிப் போகாமல் பொறுமையாக முடித்தால் மேலே சொன்ன சென்சிட்டிவிட்டி வேலை பாதி முடிந்துவிடும்.

ஒத்திகை

மேட்ச் இல்லாத ஒரு நாளில் எல்லோரையும் கால் மணி நேரம் கூப்பிடுங்கள். ஒவ்வொருவராக ஒரே வாக்கியத்தைச் சொல்லட்டும், கூடவே கீபோர்டையும் தட்டட்டும். கேட்பவர்கள் "சரி" என்று தலையாட்டாமல் குறையைச் சொல்ல வேண்டும். இரைச்சல், எக்கோ, குரல் குறைவு, சொல் வெட்டுப்படுதல் என்று பெயர் சொல்லிக் குறை சொன்னால்தான் திருத்த முடியும்.

எக்கோ என்று வந்தால், எதிரொலி கேட்பவர் தன் மைக்கில் கோளாறு தேடுவார். தப்பு அவரிடம் இல்லை. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் வேறு யாரோ ஸ்பீக்கரில் கேட்கிறார்கள், அல்லது அவருடைய ஹெட்போன் சத்தம் மைக்குக்குள் ஒழுகுகிறது. ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக மியூட் போட்டு வாருங்கள். யார் மியூட் போட்டதும் எக்கோ நிற்கிறதோ அவர்தான்.

குரல் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதிலும் ஒரு வரிசை உண்டு. பேசுபவர் முதலில் தன் மைக் அளவைச் சரிசெய்யட்டும். அப்புறமும் குறையிருந்தால் மட்டும் கேட்பவர்கள் அவர் பெயரை வலச்சொடுக்கி அவருடைய சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம், டிஸ்கார்டில் 200 சதவீதம் வரை போகும். அதை முதலிலேயே செய்தால், அவர் ஒரு நாள் மைக்கைச் சரிசெய்யும்போது உங்கள் காது கிழியும்.

ஒருவர் குரல் மட்டும் ரோபோ மாதிரி வந்தால் அவருடைய வைஃபையைச் சந்தேகப்படுங்கள். எல்லோர் குரலும் ஒருவருக்கு மட்டும் அப்படிக் கேட்டாலும் அவருடைய வைஃபைதான். கேபிள் போட்டுப் பார்ப்பதுதான் முதல் சிகிச்சை. எல்லோருக்கும் எல்லோரும் அப்படியே கேட்டால் சர்வர் பக்கம் போங்கள்: டிஸ்கார்டில் ரீஜனை மாற்றுங்கள், மம்பிளில் அப்லோடைப் பாருங்கள். ஒருவருக்கு எல்லாம் கேட்கிறது, ஆனால் அவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை என்றால், செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் ஹெட்செட் வயரில் இருக்கும் குட்டி மியூட் பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு அடுத்தது விண்டோஸின் மைக்ரோஃபோன் பிரைவசி அனுமதி.

எல்லாம் சரியான பிறகு, நீங்கள் இல்லாத நாளை யோசியுங்கள். இன்னொருவருக்கு அட்மின் உரிமை கொடுங்கள். மம்பிள் என்றால் ஐஎன்ஐ கோப்பும் டேட்டாபேஸ் கோப்பும் அவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். அப்புறம் குழு அரட்டையில் ஒரு வரியைப் பின் செய்து வையுங்கள்: "சர்வர் விழுந்தால் ஐந்து நிமிடம் பார்ப்போம், வரவில்லை என்றால் எல்லோரும் கேமுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட்டுக்கு வந்துவிடுங்கள்."